கிழக்கு மாகாண சபை: வீடு தனித்து 19 எடுக்குமா?

வாவிக்கரையான் (களுவாஞ்சிகுடி)

நேற்றுப் பின்னேரம் குருமண்வெளித் துறையில் மோட்டார் சைக்கிளைப் பாதையில் (வாவி கடக்கிற மிதவைப் படகு) ஏற்றி மண்டூருக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம். ஒருவர் வெறும் தயிர்ச்சட்டிகளைச் சாக்கில் கட்டி இரண்டு காலுக்கும் இடையில் வைத்துக்கொண்டு நின்றார். பாதை நடு வாவிக்கு வர முதலே கதை மாகாண சபைக்கு வந்துவிட்டது. சட்டிக்காரர் சொன்னார், "இந்த முறை வீடு தனியா ஆட்சி அமைக்கும், நீங்க இருந்து பாருங்க." வீடு என்றால் தமிழரசுக் கட்சியின் சின்னம், கட்சிகளைச் சின்னப் பெயரால்தான் இங்கே கதைப்போம். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை, இறங்கும் அவசரம். வீட்டுக்கு வந்து கொப்பியும் பேனையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதைத்தான் இங்கே போடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

சபையில் 37 ஆசனம். அம்பாறைக்கு 14, மட்டக்களப்புக்கு 11, திருகோணமலைக்கு 10. மிச்சம் 2 போனஸ், மாகாணம் முழுக்கக் கூட்டிப் பார்த்து ஆகக் கூடுதலான வாக்கு எடுத்த கட்சிக்குப் போகும். பெரும்பான்மைக்கு 19 வேண்டும்.

கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பரில். போனஸ் இரண்டும் சேர்த்து வெற்றிலை (மகிந்தவின் ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு) 14, வீடு 11, மரம் (முஸ்லிம் காங்கிரஸ்) 7, யானை (ஐக்கிய தேசியக் கட்சி) 4, விமல் வீரவங்சவின் கட்சி 1. வீட்டின் 11 இல் மட்டக்களப்பு 6, திருகோணமலை 3, அம்பாறை 2.

இனி சனத்தொகை. 2012 கணக்கெடுப்புப்படி கிழக்கில் தமிழர் நூற்றுக்கு 40 அளவில், முஸ்லிம்கள் 37 அளவில், சிங்களவர் 23 அளவில். மாகாணத்தில் இருக்கிற எல்லாத் தமிழரும், ஒருவர் மிச்சமில்லாமல், வரிசையில் நின்று வீட்டுக்கே போட்டார்கள் என்று வைப்போம். அப்படி ஒரு நாள் வரப்போவதில்லை, ஆனாலும் வைப்போம். மட்டக்களப்பில் 8, திருகோணமலையில் 3, அம்பாறையில் 2 அல்லது 3. ஆகக் கூடினால் 14. போனஸ் இரண்டும் கிடைத்தால் 16.

கனவிலேயே 16 தான் வருகிறது என்றால் 19 எங்கே இருந்து வரும்?

படுவான்_பொடியன் (கொக்கட்டிச்சோலை)

அண்ணன், கொப்பிக் கணக்கு வேறு, களக் கணக்கு வேறு. 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுக்கத் திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) அள்ளிக்கொண்டு போனது, 225 இல் 159. யாழ்ப்பாணமே விழுந்தது. 22 தேர்தல் மாவட்டத்தில் அது முதலாவதாக வராத ஒரே மாவட்டம் எங்கள் மட்டக்களப்புத்தான். இங்கே வீட்டுக்கு 96,975 வாக்கு, 5 இல் 3 ஆசனம். அந்த அலைக்கே அசையாத சனம் மாகாண சபைக்கு இன்னும் கூடத்தான் போடும்.

சனத்தொகையை வைத்துக் கணக்குப் போடுவதும் பிழை. வாக்குப் போட வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. மற்றப் பக்கம் நாலாகப் பிரிந்து, நம்மடை ஆட்கள் ஒன்றாக நின்றால் வீதம் ஏறும்.

வாவிக்கரையான்

தம்பி, "நம்மடை ஆட்கள் ஒன்றாக நின்றால்" என்ற அந்த "ஆல்" இல்தான் முழு அரசியலும் நிற்கிறது. நீர் சொன்ன 96,975 நல்ல வாக்கு, மறுக்கவில்லை. ஆனால் 2012 மாகாண சபைக்கு இதே மாவட்டத்தில் வீடு 104,682 எடுத்தது. 2015 பொதுத் தேர்தலில் 127,185. 2020 இல் 79,460. ஏறி இறங்கி இப்போது 2012 மட்டத்துக்கும் கொஞ்சம் கீழேதான் நிற்கிறோம். இடையில் வாக்காளர் எத்தனை ஆயிரம் கூடியிருப்பார்கள் என்று யோசித்துப் பாரும்.

கோமாரிக்கரை (அம்பாறை)

மட்டக்களப்பு ஆட்கள் எப்போதும் மட்டக்களப்பையே கதைப்பீர்கள். 14 ஆசனம் இருக்கிற மாவட்டம் எங்களுடையது, இங்கே என்ன நடந்தது என்று பாருங்கள்.

வீடு 2012 மாகாண சபைக்கு 44,749, 2 ஆசனம். 2015 பாராளுமன்றத்துக்கு 45,421, ஒரு எம்பி. 2020 இல் கருணா அம்மான் இங்கே வந்து இறங்கினார். அவருடைய கட்சிக்கு 29,379, வீட்டுக்கு 25,220. கூட்டினால் 54 ஆயிரம் தாண்டும், ஆனால் ஆசனம் சைபர். திருக்கோவில், ஆலையடிவேம்பு, காரைதீவு, நாவிதன்வெளி என்று இத்தனை தமிழ் ஊருக்கும் சேர்த்து மாவட்டப் பட்டியலில் ஒரு எம்பி இல்லை. பிறகு தேசியப் பட்டியலில் ஒன்று தந்தார்கள், சரி, அதற்கு நன்றி. அதற்கு முதல் 2010 இல் நாங்கள் கஷ்டப்பட்டு அனுப்பியவர் அரசாங்கப் பக்கம் பாய்ந்து, ஜனாதிபதி எத்தனை முறையும் போட்டியிடலாம் என்ற 18 ஆவது திருத்தத்துக்குக் கை தூக்கினார்.

2024 இல் 33,632, திரும்பவும் ஒரு எம்பி. ஆனால் 2015 இல் எடுத்ததைவிட 12 ஆயிரம் குறைவு. அந்தப் 12 ஆயிரம் பேரும் எங்கே? கொஞ்சப் பேர் திசைகாட்டிக்கு, கொஞ்சப் பேர் சங்குக்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி). கனபேர் கட்டாருக்கும் டுபாய்க்கும். என் சொந்த ஒழுங்கையில் எட்டு வாக்கு வெளிநாட்டில் கிடக்கிறது. பெயர் இடாப்பில் இருக்கிறது, ஆள் இல்லை.

ஆகவே அண்ணன் போட்ட "அம்பாறை 2 அல்லது 3" என்பதில் அந்த 3 ஐ இப்போதே வெட்டிவிடுங்கள். 2 க்கே தேங்காய் உடைக்க வேண்டும்.

மருதமுனைத்_தறி

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாசித்துக்கொண்டு போகலாம் என்றுதான் வந்தேன், ஆனால் இத்தனை பதிவிலும் முஸ்லிம்கள் ஒரு வீதமாக மட்டும்தான் வந்து போகிறோம் என்பதால் எழுதுகிறேன்.

2012 கணக்கை இன்னொரு விதமாகப் பாருங்கள். வெற்றிலை 14, வீரவங்ச 1, மொத்தம் 15. வீடு 11, யானை 4, அதுவும் 15. நடுவில் மரம் 7. எந்தப் பக்கம் மரம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் 22. அன்றைக்கு ஆட்சியைத் தீர்மானித்தது அந்த 7 தான். சம்பந்தன் ஐயா முதலமைச்சர் பதவியையே தருகிறோம் என்று சொன்னார். எங்கள் தலைவர் அப்போது கொழும்பில் நீதி அமைச்சர், மரம் வெற்றிலைக்குப் போனது, நஜீப் ஏ. மஜீத் முதலமைச்சர் ஆனார். மரத்துக்கு வாக்குப் போட்ட எனக்கே அது சரியாகப் படவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு 2015 இல் ஆட்சி மாறினதும் அதே 7 பேர் வீட்டோடு சேர்ந்து ஹாபிஸ் நசீர் முதலமைச்சர். வீட்டுக்கு விவசாய அமைச்சும் கல்வி அமைச்சும். 11 வைத்திருந்தவர் 7 வைத்திருந்தவருக்குக் கதிரையை விட்டார் என்று அன்றைக்கு மட்டக்களப்பில் எத்தனை பேர் கொதித்தார்கள் என்று எனக்குத் தெரியும், என்னோடு வேலை செய்தவர் ஒரு கிழமை என்னோடு தேத்தண்ணி குடிக்கவில்லை.

இந்தச் சபையில் தனித்து ஒருவரும் ஆளமுடியாது. ஆளமுடியாதபடிதான் சனம் குடியிருக்கிறது.

செங்கலடிச்_சந்தி

தனித்து ஆளமுடியாது என்று மருதமுனைக் காக்கா சொல்வது இனக் கட்சிகளுக்குச் சரி. மூன்று சனத்திடமும் வாக்கு எடுக்கிற கட்சிக்கு அந்தச் சட்டம் இல்லை. 2024 இல் திசைகாட்டி மட்டக்களப்பில் 55,498, அம்பாறையில் 146,313, திருகோணமலையில் 87,031. கூட்டினால் 288,842. வீடு மூன்று மாவட்டமும் சேர்த்து 164,775. இரண்டு போனஸும் எங்கே போகும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 19 ஐப் பற்றி வீட்டுக்காரர் கதைப்பதே எனக்குச் சிரிப்பாக இருக்கிறது, கதைக்க வேண்டியவர்கள் நாங்கள்.

படுவான்_பொடியன்

சிரியுங்கோ. மயிலத்தமடு மாதவணையில் மாடு மேய்க்கிற ஆட்கள் 2023 செப்டம்பரில் மேய்ச்சல் தரையைக் கேட்டுச் சித்தாண்டியில் வீதியோரம் போராட்டம் இருக்கத் தொடங்கினார்கள். ஆட்சி மாறியது, மேய்ச்சல் தரைப் பிரச்சினை மாறவில்லை. அந்தப் பண்ணையாளரிடம் போய் 288,842 ஐச் சொல்லிப் பாருங்கள்.

செங்கலடிச்_சந்தி

அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் வீட்டுக்காரரிடமும் இல்லை.

வாவிக்கரையான்

சந்தி, உங்கள் 288,842 ஐயும் கொப்பியில் போட்டேன். 2024 வீதத்தை அப்படியே மாகாண சபைக்குப் பிரித்தால் உங்களுக்கு மட்டக்களப்பில் 2, அம்பாறையில் 6, திருகோணமலையில் 4 அல்லது 5, போனஸ் 2. ஆக 14, 15. மிச்சத்தில் ஒன்று அங்கே இங்கே விழுந்து 16 என்றே வைப்போம். அலை உச்சத்தில் இருந்தபோதே 16. அதற்குப் பிறகு 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில் நாடு முழுக்கப் பார்த்தால் உங்கள் வாக்கு 61 வீதத்திலிருந்து 43 க்கு வந்தது. அதே வேகத்தில் இங்கேயும் இறங்கினால் 11 வரும்.

கிழக்கில் தனித்து 19 தாண்டியது ஒரே ஒருமுறைதான், 2008 இல் வெற்றிலை. 20 எடுத்தது, அதில் 2 போனஸ். போனஸ் இல்லாவிட்டால் அதுவும் 18 தான், ஒன்று குறைவு. அதுவும் எப்படி வந்தது? போர்க்காலம், வீடு போட்டியிடவே இல்லை, பிள்ளையானின் கட்சியும் அரசாங்கப் பக்கத்து முஸ்லிம் தலைவர்களும் ஒரே சின்னத்தில் நின்றார்கள். வென்ற கையோடு முதலமைச்சர் யார் என்று உள்ளுக்குள் இழுபறி. அதைத் தனித்த வெற்றி என்று சொல்வதற்கே எனக்கு மனம் வரவில்லை, ஒரே வெற்றிலையில் மூன்று பாக்கு வைத்துக் கொடுத்த மாதிரி.

கோணமலைக்_காற்று

திருகோணமலையில் இருந்து ஒரு வார்த்தை. 2024 இல் வீடும் சங்கும் இங்கே ஒரே பட்டியலில், வீட்டுச் சின்னத்தில் கேட்டார்கள். 34,168 வாக்கு, ஒரு ஆசனம். தனித்தனியாகக் கேட்டிருந்தால் அந்த ஒன்றும் கைவிட்டுப் போயிருக்கும் என்றுதான் இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். 2012 இல் 44,396 எடுத்து 3 மாகாண ஆசனம் வைத்திருந்த மாவட்டம் இது. இனி 2 எடுத்தாலே பெரிய விசயம்.

கல்லாற்று_ரீச்சர்

எல்லோரும் 19, 16 என்று கணக்குப் போடுகிறீர்கள், தேர்தல் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லையே.

இந்தச் சபை கலைந்தது 2017 செப்டம்பர் கடைசியில். அதே மாதம் பாராளுமன்றத்தில் மாகாண சபைத் தேர்தல் சட்டத்தைத் திருத்தினார்கள், அரைவாசி தொகுதி, அரைவாசி விகிதாசாரம் என்று. தொகுதி என்றால் எல்லை வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தது. எதிர்த்து 139 பேர், ஆதரித்து ஒருவர்கூட இல்லை. கொண்டுவந்த அரசாங்கமே கைவிட்ட பிள்ளை அது. பழைய முறை செத்துவிட்டது, புதிய முறை பிறக்கவில்லை, நடுவில் ஆளுநர் இருக்கிறார். பழைய விகிதாசார முறைக்கே திருப்புங்கள் என்று தமிழரசுக் கட்சிப் பக்கம் இருந்து தனிநபர் சட்டமூலமும் போனது.

எனக்கு ஏன் இதில் அக்கறை என்றால், என் இடமாற்றம். மூன்று வருடம் கஷ்டப் பிரதேசச் சேவை என்று அனுப்பினார்கள், ஆறாவது வருடம் நடக்கிறது. காலை 5.10 பஸ். மழைக் காலத்தில் சாரி முழங்கால் வரை நனைந்துதான் வகுப்புக்குப் போவேன். முன்பென்றால் மாகாண சபை உறுப்பினர் என்று ஒருவர் இருந்தார், பிடிக்கிறதோ இல்லையோ அவர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தலாம். அமைச்சர் என்று ஒருவர் இருந்தார். இப்போது ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்குக் கடிதம் போகிறது, அங்கிருந்து "மேலிட அனுமதி" என்று திரும்புகிறது. அந்த மேலிடத்துக்கு வாசலே இல்லை. 2017 இல் காந்திப் பூங்காவில் வேலை கேட்டு மாதக்கணக்கில் குந்தியிருந்த பட்டதாரிகளுக்குக் கூடக் கதைக்க ஒரு சபை இருந்தது.

யார் 19 எடுத்தாலும் எனக்குக் காரியமில்லை, எங்கே போய்க் கத்துவது என்று ஒரு இடம் வேண்டும்.

செங்கலடிச்_சந்தி

ரீச்சர், அப்படி என்றால் சபை இருந்த காலத்தில் இடமாற்றம் எல்லாம் நேர்மையாக நடந்ததா?

கல்லாற்று_ரீச்சர்

இல்லை தம்பி. ஆனால் அநியாயம் செய்தவரின் பெயர் தெரிந்திருந்தது. அடுத்த தேர்தலில் அவருக்குப் போடாமல் விடலாம்.

மட்டுறுத்துநர்

இந்த இடத்தில் இருந்த நாலு பதிவு தூக்கப்பட்டது. சின்னத்தை ஏசுங்கள், ஊரை ஏச வேண்டாம். காத்தான்குடி, ஆரையம்பதி பழைய கதை எல்லாம் இந்த இழைக்கு வேண்டாம்.

பழைய_முகவர்

நான் 2012 இல் இந்துக் கல்லூரியில் வாக்கெண்ணும் முகவராக இருந்தவன், எந்தக் கட்சிக்கு என்று சொல்லமாட்டேன், வாசித்தால் விளங்கும்.

அந்த இரவு மட்டக்களப்பு முடிவு வரும்போது நாங்கள் மேசையைத் தட்டிக் கொண்டாடினோம், 11 இல் 6. பக்கத்து மேசைப் பொடியன் பிளேன்ரீக் கோப்பையைத் தட்டி என் வெள்ளைச் சேட்டில் ஊற்றினான், அதையும் பொருட்படுத்தவில்லை. விடியப்புறம் அம்பாறை முழுதாக வந்து மாகாணக் கூட்டல் போட்டபோதுதான் தெரிந்தது, வெற்றிலை 200,044, நாங்கள் 193,827. வித்தியாசம் 6,217. அதற்காக இரண்டு போனஸ் ஆசனம் அங்கே போனது. வீடு திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஆறாயிரத்து இருநூற்றுப் பதினேழு என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். மனிசிக்கு அந்த எண் இன்றைக்கும் பாடம்.

ஆனால் வாவிக்கரையான், இதை எழுத வந்தது அதற்கில்லை. அந்தப் போனஸ் எங்களுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு பார்த்தேன். வீடு 13, யானை 4, சேர்த்து 17. அப்போதும் 19 இல்லை. மரத்தின் வாசலில்தான் போய் நின்றிருப்போம், என்ன, கொஞ்சம் நிமிர்ந்து நின்றிருப்போம். பத்து வருடத்துக்கு மேல் நான் அந்த 6,217 பேரைத் தேடிக்கொண்டிருந்தேன், படுவான்கரையில் வெள்ளாமை வெட்டப் போய் வாக்குப் போடாமல் விட்டவர்கள், வாகரையில் மழைக்குப் போகாதவர்கள் என்று. தேடியிருக்க வேண்டியது மரத்தின் கோட்டையான கல்முனையில்.

மருதமுனைத்_தறி

முகவர் ஐயா, கல்முனை என்று சொல்லிவிட்டீர்கள், இனி நானும் ஒளிக்காமல் சொல்கிறேன். கல்முனை வடக்குப் பிரதேச செயலகம். 2019 ஜூனில் அந்த உப அலுவலகத்தை முழுச் செயலகமாகத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழர் பக்கம் உண்ணாவிரதம் இருந்தார்கள், எங்கள் பக்கம் பதிலுக்குச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அதைத் தீர்க்காமல் வீடும் மரமும் தேர்தல் முடிந்த இரவு தொலைபேசியில் கதைத்து ஆட்சி அமைத்தால், பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் அடுத்த நாளே இரண்டு கட்சியின் கொடியும் இறங்கும். உங்கள் ஆள் எங்கள் ஆளோடு கதைக்கப் பயப்படுகிறார், எங்கள் ஆள் உங்கள் ஆளோடு கதைக்கப் பயப்படுகிறார். இதற்குள் மயிலும் (ரிசாத் பதியுதீனின் மக்கள் காங்கிரஸ்) இருக்கிறது. 2024 இல் அம்பாறையில் மரத்துக்கு ஒன்று, மயிலுக்கு ஒன்று. ஆகவே இனி மரத்தோடு மட்டும் கதைத்து 7 கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம்.

கோமாரிக்கரை

செயலகம் எங்களுக்கு 1989 இல் இருந்து இழுபடுகிற விசயம் காக்கா. உப அலுவலகம் என்ற பெயரிலேயே ஒரு தலைமுறை போய்விட்டது. காணி உறுதிக்கும் நிதிக்கும் இன்னொரு கந்தோருக்கு அலைகிற சனத்திடம் போய்க் கூட்டணிக்காகக் கொஞ்சம் பொறுங்கள் என்று எந்த வேட்பாளர் சொல்வார்?

மருதமுனைத்_தறி

ஒருவரும் சொல்லமாட்டார். எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் எங்கள் கடைக்காரரின் பயம் கிடக்கிறது, சந்தைப் பக்கம் போய்விடுமோ என்று. செயலகம் வேண்டாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், நான் அந்த ஆள் இல்லை.

வாவிக்கரையான்

இப்போதுதான் இழை உருப்படியான இடத்துக்கு வந்திருக்கிறது. என் கணக்கைத் திருத்துகிறேன். பழைய முறையில் தேர்தல் நடந்தால் வீட்டுக்கு மட்டக்களப்பில் 5, நல்ல நாள் என்றால் 6. திருகோணமலையில் 2, அம்பாறையில் 2 (கோமாரிக்கரை தேங்காய் உடைத்தால்). 9 அல்லது 10. போனஸ் கிடைக்காது. திசைகாட்டிக்கு 11 இல் இருந்து 15. ஆகவே இந்த முறை இரண்டு பக்கமும் சமமாக நின்று நடுவில் ஒருவர் தீர்மானிக்கிற 2012 நிலைமை கூட வராமல் போகலாம். திசைகாட்டி 13 க்குக் குறையாமல் வந்து மரத்தையோ மயிலையோ தொலைபேசிச் சின்னத்தையோ (சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தி) கூப்பிட்டால் போதும். வீடு ஆளவேண்டும் என்றால் மற்ற எல்லாரையும் கூப்பிட வேண்டும். பாதையில் நின்ற சட்டிக்காரருக்கு இதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

படுவான் தம்பி, பட்டிருப்புத் தொகுதி 2012 வாக்கெண்ணிக்கைத் தாள் என்னிடம் இருக்கிறது. ஞாயிறு போடுகிறேன், உம்முடைய களக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாரும்.

படுவான்_பொடியன்

போடுங்கோ அண்ணன். 19 இல்லை என்றாலும் 11 க்குக் குறையாது, எழுதி வையுங்கோ.

பழைய_முகவர்

எழுதி வைத்தாச்சு. மருதமுனைத் தம்பி, அடுத்த மாதம் மகளுக்குச் சாரி எடுக்க அந்தப் பக்கம் வருவேன். தறி இன்னும் ஓடுகிறதா?

மருதமுனைத்_தறி

ஓடுகிறது ஐயா, முந்தி மாதிரி இல்லை. வாருங்கள். பிரதேச செயலகம் பற்றிக் கதைக்காவிட்டால் பகல் சாப்பாடு, கதைத்தால் பிளேன்ரீ மட்டும்.

பழைய_முகவர்

பிளேன்ரீ போதும்.